மேடையின் இரண்டாவது நாற்காலி

2008 மார்ச் 8-ஆம் தேதி இரவு சிலாங்கூரில் ஆட்சி மாறியது. சுதந்திரம் கிடைத்த நாள் முதல் மாநிலத்தை ஆண்டு வந்தவர்கள் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார்கள். அந்த மாற்றத்தின் ஓரத்தில் இன்னொன்றும் நடந்தது. பால்கிஸ் என்ற அறநலச் சங்கம் கலைக்கப்பட்டது. ஆளுங்கட்சி மக்கள் பிரதிநிதிகளின் மனைவியர் நடத்திய சங்கம் அது. தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மந்திரி பெசார் கீர் தோயோவின் மனைவி சாரா கெச்சிக். சங்கத்தின் கணக்கில் இருந்த சுமார் 99 லட்சம் ரிங்கிட், மத்திய அமைச்சர்களின் மனைவியர் நடத்தும் பக்தி அமைப்பின் கணக்குக்கு மாற்றப்பட்டது.

மறு ஆண்டு, புதிய அரசு அமைத்த செல்காட் என்ற சட்டமன்றத் தேர்வுக்குழு ஷா ஆலாமில் இதைப் பொது விசாரணைக்கு எடுத்தது. மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் பால்கிஸுக்கு நன்கொடை கொடுத்திருந்ததும் விசாரணைக்கு வந்தது. மாநில நிறுவனம் தந்த பணம் மக்கள் பணமா, சங்கத்தின் சொந்தப் பணமா? மந்திரி பெசாரின் மனைவி என்பதற்காகவே ஒருவர் தலைவியான சங்கத்தை யார் தணிக்கை செய்வது? நாளிதழ்களில் சில வாரங்கள் பரபரப்பாக ஓடிய இந்தக் கேள்விகள் அரசியல் சண்டையின் சத்தத்தில் அமுங்கிப் போயின. எனக்கு அவை இன்றும் முடியாத கேள்விகளாகவே தெரிகின்றன. இந்த நாட்டில் தலைவர்களின் மனைவியரைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் அவர்களுடைய கைப்பை, கெபாயா, தலைமுடி. அவர்கள் கையில் இருந்த வேலையையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசுவதே இல்லை.

கேரித் தீவிலிருந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரைச் சுமக்கும் தீவு இது. கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றுக்கு அப்பால், முதலில் ரப்பரும் பிறகு செம்பனையுமாக நூறு ஆண்டுகளுக்கு மேல் தோட்டமாகவே இருக்கிறது. தோட்ட மண்டபத்தில் விழா என்றால் மேடையில் இரண்டு நாற்காலிகளுக்கு மட்டும் வெள்ளைத் துணி உறை போட்டிருக்கும். ஒன்று டத்தோவுக்கு, மற்றது டத்தினுக்கு. டத்தோ பேசுவார். டத்தின் ஹம்பர் பைகளை எடுத்துக் கொடுப்பார். அரிசி, மைலோ, பிஸ்கட் டின், ஒரு போத்தல் எண்ணெய். உதிரிப் பழம் பொறுக்கியே விரல் காய்த்துப் போன பாட்டி ஒருவர் பையை வாங்கும்போது டத்தினின் கையைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பார், பேரனுக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை என்பார். டத்தோவிடம் சொல்லத் தயங்கியதையெல்லாம் டத்தினிடம் சொல்வார். டத்தினும் தலையாட்டிக் கேட்பார். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு எந்த அலுவலகத்துக்குப் போகும்? பதில் வரவில்லையென்றால் பாட்டி யாரைக் கேட்பது? டத்தினுக்குப் பதவி இல்லை. பதவி இல்லாதவரிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் பாட்டிக்கு இந்த அரசாங்கத்தில் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

இங்கே பட்டங்களின் வழக்கமும் அப்படியே அமைந்திருக்கிறது. கணவர் டத்தோ ஆனால் மனைவி டத்தின் ஆகிறார். கணவர் துன் ஆனால் மனைவி தோ புவான். விருது வாங்கியவர் பெண்ணாக இருந்தால் கணவருக்கு ஒரு பட்டமும் வராது. கணவரால் வந்த பட்டம் என்பதால் அந்தப் பெண்ணின் சொந்த வேலை அதற்குள்ளேயே மறைந்துவிடுகிறது. நம் சமூகத்தில் அப்படி மறைந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜானகி.

கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் வசிப்பவர்களுக்கு ஜாலான் ஆதி நாகப்பன் தெரிந்திருக்கும். டான் ஸ்ரீ ஆதி நாகப்பன் மலேசிய இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வின் முன்னணித் தலைவர், வழக்கறிஞர், அமைச்சராகவும் இருந்தவர். ஊராட்சி மன்றங்களைப் பற்றி விசாரிக்க 1965-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, ஊராட்சித் தேர்தல் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தவர். அந்தப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை என்பது வேறு கதை. அவர் மனைவி புவான் ஸ்ரீ ஜானகி. புகைப்படங்களில் அமைச்சரின் பக்கத்தில் சேலையில் நிற்கும் அந்த அம்மையார், திருமணத்துக்கு முன்பே ஒரு படையை நடத்தியவர்.

1925-இல் வசதியான வீட்டில் பிறந்தவர். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கோலாலம்பூருக்கு வந்து திடலில் பேசியபோது, வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிளில் போய்க் கேட்டார். கூட்டத்தில் நிதி கேட்டபோது காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேரப்போகிறேன் என்றபோது தந்தை மறுத்தார். படையின் தலைவி கேப்டன் லட்சுமி நேரில் பேசிய பிறகே அவர் மனம் இறங்கியது. சிங்கப்பூர் முகாமில் முதல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்ட அந்த வீட்டுச் செல்லப் பெண், படையின் இரண்டாம் நிலைத் தளபதியாகி பர்மாவுக்குப் போனார். 1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிடப்பட்டபோது நேதாஜியோடு பின்வாங்கிய பெண்கள் அணியில் அவரும் நடந்தார். பகலில் விமானத்துக்குப் பயந்து மறைந்து, இரவில் சேற்றிலும் ஆற்றிலும் நடந்த நடை அது. அப்போது அவருக்கு வயது இருபது.

அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துப் பெண்கள். ரப்பர் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கங்காணியின் குரலுக்கும் கிராணியின் பேரேட்டுக்கும் பழகிய பெண்களுக்கு ஒரு பெயரும் சீருடையும் துப்பாக்கியும் கிடைத்த ஒரே காலம் அது. போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் தோட்டத்துக்கே திரும்பினார்கள், பேசாமல். ஜானகி திரும்பியது அரசியலுக்கு. 1946-இல் ம.இ.கா. தொடங்கப்பட்டபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 2000-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே 9-இல் கோலாலம்பூரில் மறைந்தார்.

கட்சியின் வரலாற்றைச் சொல்லும் மேடைகளில் ஜான் திவியிலிருந்து தொடங்கித் தேசியத் தலைவர்களின் வரிசையைத்தான் ஒப்பிப்பார்கள். கட்சியை உருவாக்கியவர்களில் ஒரு பெண் இருந்தார், அவர் அதற்கு முன்பே போர்முனையைப் பார்த்தவர் என்பதை அந்த மேடைகளில் நான் போதுமான அளவு கேட்டதில்லை. அமைச்சரின் மனைவி என்று முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பின்குறிப்பாகச் சேர்க்கிறோம். வரிசை தலைகீழாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸின் நெஞ்சில் ஓடும் சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். பூக்கடை, பாத்திரக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தப் பெயரில்தான் முகவரி எழுதுகின்றன. 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பெரும் ஆபத்தைப் பார்த்தார். ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்களுக்கு நிலம் வேண்டும், லயத்தில் இருந்த மனிதர்கள் வேண்டாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டும் தொழிலாளி பங்குதாரரான கதை அது.

அந்தச் சம்பந்தனின் மனைவி தோ புவான் உமாசுந்தரி. சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர் கணவர். அரசியலுக்காகக் குடும்பச் சொத்தைக் கரைத்தவர் என்பது ஊரறிந்த செய்தி. சொத்து கரையும்போது அந்த வீட்டில் யார் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. தியாகி என்ற சொல்லைக் கணவருக்கு மட்டும் கொடுத்துவிடுகிறோம். கையில் இருந்ததை இழந்தவர் இன்னொருவரும் அந்த வீட்டில் இருந்தார். 1979-இல் சம்பந்தன் மறைந்த பிறகும் உமாசுந்தரி வீட்டோடு ஒதுங்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பைத் தாங்கினார்.

அதற்கும் முன்பே, 1963-இல் பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றம் உருவான காலத்தில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று கேட்ட மன்றம் அது. அரசுப் பணியில் இருந்த பெண்களுக்கு 1969-இல் அது கிடைத்தது. மன்றத்தின் தலைமையில் இருந்த பாத்திமா ஹாஷிம் அதே ஆண்டில் நாட்டின் முதல் பெண் அமைச்சரானார். அவரும் ஓர் அரசியல் தலைவரின் மனைவிதான். கணவர் அப்துல் காடீர் யூசோப் சட்டத்துறையைப் பார்த்தவர். கணவரின் பெயரால் கிடைத்த அறிமுகத்தை வைத்து இந்தப் பெண்கள் மற்றப் பெண்களின் சம்பளத்துக்காக வாதாடினார்கள். இதைத்தான் நான் பெரிதாகச் சொல்ல விரும்புகிறேன். ஹம்பர் பை கொடுப்பது ஒரு வேலை. சம்பள விகிதத்தை மாற்றுவது வேறு வேலை. இரண்டையும் தொண்டு என்ற ஒரே தலைப்பில் அடைக்கக் கூடாது.

பிரதமர்களின் வீட்டுப் பக்கம் வருவோம். மலாயா மக்களவையின் முதல் சபாநாயகர் முகமட் நோ ஓமாரின் மகள்கள் ராஹா, சுஹைலா. ராஹாவின் கணவர் துன் ரசாக், சுஹைலாவின் கணவர் ஹுசேன் ஓன். 1976 ஜனவரி 14-இல் பிரதமர் ரசாக் லண்டனில் இறந்தார். ஐந்து ஆண் பிள்ளைகளோடு நாற்பத்திரண்டு வயதில் ராஹா விதவையானார். மறுநாள் அதே குடும்பத்தின் இன்னொரு மருமகன் ஹுசேன் ஓன் பிரதமரானார். ராஹாவின் மகன் நஜிப் பின்னாளில் ஆறாவது பிரதமர்; சுஹைலாவின் மகன் ஹிஷாமுடின் நீண்டகால அமைச்சர். மலேசிய அரசியலில் வீடும் ஆட்சியும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இந்த ஒரு குடும்பம் போதும். பெண் வழி உறவு என்பதால் வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

துன் சித்தி ஹஸ்மா நம் வட்டாரத்துப் பெண். 1926 ஜூலை 12-இல் கிள்ளானில் பிறந்தவர். ஒரு மலாய்ப் பெண் மருத்துவம் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் சிங்கப்பூரில் படித்து 1955-இல் மருத்துவரானார். மறு ஆண்டு மகாதீரை மணந்தார். கெடாவின் கிராமங்களில் தாய் சேய் நலப் பணியில் அவர் செலவிட்ட ஆண்டுகள்தான் அவருடைய உண்மையான வாழ்க்கை என்பது என் எண்ணம். பேறு காலத்தில் பெண்கள் இறப்பது தலைவிதி என்று ஏற்றுக்கொண்ட ஊர்களுக்குப் போய், மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்களையும் கூட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. 1969 தேர்தலில் கணவர் தோற்று, கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டபோது வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர் இவர். 1981-இல் கணவர் பிரதமரானதும் நாடு அவரைப் பிரதமரின் துணைவியாராகத்தான் பார்த்தது. 2003-இல் மகாதீர் ஓய்வு பெற்றபோது இருவருக்கும் தனித்தனியே துன் விருது கிடைத்தது. கணவரின் விருதுக்கு வால் பிடித்து வராத பட்டம் அது. அடுத்த பிரதமர் அப்துல்லா படாவியின் மனைவி எண்டோன், மார்பகப் புற்றுநோயோடு போராடியதை மறைக்காமல் பேசி 2005-இல் மறைந்தார். வெளியே சொல்லவே கூச்சப்பட்ட நோயைப் பற்றிப் பெண்கள் வாய்திறக்க அது உதவியது.

அடுத்து வந்த காலம் கசப்பானது. நஜிப்பின் மனைவி ரோஸ்மா மன்சோரின் பெயரைத் தோட்டத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். பிரதமர் துறைக்குள்ளேயே பிரதமரின் மனைவிக்கென்று பிளோம் என்ற பிரிவு இயங்கியது. நாட்டுக்கு மாமன்னரும் பேரரசியாரும் இருக்க, பிரதமரின் மனைவிக்கு அரசுச் செலவில் ஓர் அலுவலகம் எதற்கு என்ற கேள்வியை அன்றே பலர் கேட்டார்கள். 2018 மே மாதம் காவல்துறை நடத்திய சோதனைகளில் 567 கைப்பைகள், 12,000 நகைகள், பத்து கோடி ரிங்கிட்டுக்கு மேல் ரொக்கம் என்று பட்டியல் வந்தது. 2022 செப்டம்பர் 1-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறையும் 97 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தது; அவர் மேல்முறையீடு செய்தார். வழக்கு, சரவாக் உட்புறப் பகுதிகளின் 369 பள்ளிகளுக்குச் சூரிய சக்தி மின்சாரம் கொடுக்கும் திட்டத்தைப் பற்றியது.

கைப்பைகளைப் பற்றி நாடே பேசியது. எனக்கு உறுத்துவது அந்த 369 பள்ளிகள். மின்சாரம் இல்லாத பள்ளி என்றால் என்னவென்று பழைய தோட்டப் பள்ளிகளில் படித்த தலைமுறைக்குத் தெரியும். எந்தப் பதவியும் இல்லாத ஒருவர் ஓர் அமைச்சின் குத்தகையில் தலையிட முடிந்தது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு பெண்ணின் ஆசை நாட்டைக் கெடுத்தது என்று பழங்கதை பேசுகிறவர்கள், அந்தப் பெண்ணின் சொல்லுக்குக் கையெழுத்துப் போட்ட ஆண்களை விட்டுவிடுகிறார்கள். பால்கிஸ் முதல் இதுவரை நோய் ஒன்றுதான். பொறுப்பு எழுதப்படாத இடத்தில் பணமும் செல்வாக்கும் சேர்ந்துவிடுகின்றன.

கிள்ளானுக்கே உரிய ஒரு கதையும் இருக்கிறது. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துக் கமுண்டிங் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் மனோகரனை, 2008 தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதிக்கு ஜசெக வேட்பாளராக நிறுத்தியது. வேட்பாளர் சிறையில், வீதியில் இறங்கி வாக்குக் கேட்டவர் அவர் மனைவி புஷ்பநீலா. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாக்காளர்கள் பார்த்த முகம் அவருடையது, கேட்ட குரல் அவருடையது. மனோகரன் சிறையில் இருந்தபடியே வென்றார். 2009 மே மாதம்தான் வெளியே வந்தார். அந்த வெற்றியில் மக்களின் கோபம் பாதி என்றால், மனைவியின் உழைப்புக்கும் பங்கு உண்டு. வெற்றி விழா மேடையில் அதைச் சொல்லலாம், தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் அதற்கு இடமில்லை.

சிறைப்பட்ட கணவருக்காக இறங்கிய மனைவி என்றால் நாடு முழுவதும் நினைப்பது டாக்டர் வான் அசிசாவை. அயர்லாந்தில் மருத்துவம் படித்த கண் மருத்துவர். 1998 செப்டம்பரில் கணவர் அன்வார் கைதானபோது ஆறு பிள்ளைகளின் தாய். 1999 ஏப்ரலில் தொடங்கிய கட்சிக்குத் தலைவியானார். 2018 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1999-இல் கணவரின் பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் வென்றார். 2008-இல் அன்வார் திரும்பி வரத் தயாரானதும் அதே தொகுதியை விட்டு விலகினார். இடத்தைப் பிடித்து வைத்திருக்க வந்தவர் என்று இதை வைத்துப் பலர் சொல்வார்கள். எதிர்ப்புப் புயலில் பிறந்த ஒரு கட்சியைப் பத்தொன்பது ஆண்டு உடையாமல் நடத்தியவரை அப்படிச் சுருக்குவது அநியாயம்.

சிலாங்கூருக்கு அவர் வந்தது 2014-இல். மந்திரி பெசாரை மாற்றுவதற்காகக் காஜாங் சட்டமன்றத் தொகுதியைக் காலியாக்கினார்கள். அன்வார் நிற்பதாகத் திட்டம். மார்ச் 7-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதிக்க, சில நாட்களில் மனைவி வேட்பாளரானார். மார்ச் 23-இல் வென்றார். ஆகஸ்டில், 56 பேர் கொண்ட மன்றத்தில் 30 பேர் அவர் மந்திரி பெசார் ஆக ஆதரவு தெரிவித்தார்கள். பெரும்பான்மை கையில் இருந்தது. ஆனால் அரண்மனை ஒரே பெயரை ஏற்கவில்லை, வேறு பெயர்களையும் கேட்டது. செப்டம்பரில் அஸ்மின் அலி பதவியேற்றார். சிலாங்கூருக்கு முதல் பெண் மந்திரி பெசார் கிடைக்க இருந்த வாய்ப்பு அப்படி நழுவியது.

தமிழ்நாட்டில் 1988 ஜனவரியில் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி இராமச்சந்திரன் 24 நாள் முதலமைச்சராக இருந்ததையும், இலங்கையில் 1960-இல் சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானதையும் இதோடு ஒப்பிடுவது வழக்கம். அவர்கள் கணவர் இறந்த பிறகு வந்தவர்கள். வான் அசிசாவின் நிலை இன்னும் கடினமானது. கணவர் உயிரோடு, சிறையில் அல்லது வாசலில் காத்துக்கொண்டிருக்கும்போது, தன் பெயரில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2018 மே மாதம் நாட்டின் முதல் பெண் துணைப் பிரதமரானார். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சையும் பார்த்தார். அந்தப் பதவியில் அவர் எடுத்த முடிவுகளைப் பாராட்டியவர்களும் உண்டு, குறை சொன்னவர்களும் உண்டு. குழந்தைத் திருமண விவகாரத்தில் போதுமான வேகம் காட்டவில்லை என்று பெண்கள் அமைப்புகளே அவரைக் கடிந்துகொண்டன. அமைச்சர் என்பதால் அப்படிக் கடிந்துகொள்ள முடிந்தது.

சிலாங்கூரில் பால்கிஸ் இருந்த இடத்தில் இன்று பெகாவானிஸ் இருக்கிறது. அதன் தலைமையும் மந்திரி பெசாரின் மனைவியிடமே இருந்து வருகிறது. நல்ல பணிகள் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மாநில நிறுவனம் ஒன்று அதற்கு ஒரு வெள்ளி கொடுத்தாலும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் மேசைக்குக் கணக்கு வர வேண்டும். கேரித் தீவுப் பாட்டியின் மனு அந்த மேடையில் வாங்கப்பட்டால், அதற்கு ஓர் எண்ணும் பதில் தேதியும் இருக்க வேண்டும். 2009-இல் ஆளுங்கட்சியாக அமர்ந்து கேள்வி கேட்டவர்கள்தான் இன்றும் சிலாங்கூரில் ஆட்சியில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்வி அவர்களுக்கும் பொருந்தும்.

2022 நவம்பரில் அன்வார் பிரதமரானார். வான் அசிசா அமைச்சரவையில் இல்லை. அதே தேர்தலில் கோலாலம்பூரின் பண்டார் துன் ரசாக் தொகுதியில் தன் பெயரில் நின்று வென்று மக்களவையில் அமர்ந்தார். அந்தத் தொகுதியின் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் மின்தூக்கி ஓடவில்லை என்று அவரைக் கேட்கலாம், பதில் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். செரி பெர்டானாவில் பிரதமரின் மனைவியாக அவர் வகிக்கும் இன்னோர் இடத்துக்கு அப்படி எந்த வாக்குச்சீட்டும் அச்சடிக்கப்படுவதில்லை.